செகண்ட் ஃபயர்மேன்

உயிரோடு இருந்த ஒரு மனிதரின் முகத்தைக் கல்லறையில் பதிக்க வைத்தவள் நான். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரைச் சுற்றியிருந்த மீட்டர்கேஜ் பாதைகளைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீராவி எஞ்சின்கள் அதற்கு முன்பே போய்விட்டன. என் அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் சட்டைகளை விடப் புகைப்படங்கள் அதிகமாக இருந்தன. எல்லாம் ரயில் எஞ்சின்களை நிறுத்திவைக்கும் ஷெட்டில் எடுத்தவை. பதினாறாம் நாளுக்கு மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்த அவருடைய நண்பர்களிடம் காட்டினேன். அடுத்த வாரம் அவர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு நாலைந்து கொண்டுவந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போடவிருந்த படங்களும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பறை கேட்டு வாங்கினேன். ஓய்வு பெற்ற டிரைவர்களும் ஃபயர்மேன்களும் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு படத்தை மேசையில் வைப்பேன். யார் யார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது, மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் படத்தின் பின்னால் எழுதுவேன். அது நானே போட்ட சட்டம். ஆரம்பத்தில் பென்சிலால் எழுதினேன். ஒரு வருஷம் போனதும் பேனாவுக்கு மாறினேன், அவ்வளவு தைரியம் வந்துவிட்டது.

அலுவலகத்தில் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பைலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைகிற குமாஸ்தா நான். இங்கே எழுபது வயது டிரைவர்கள், நான் பேனா மூடியைத் திறந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கர்வம் எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. அவளுடைய அப்பா எங்கள் ஷெட்டில் செகண்ட் ஃபயர்மேனாக இருந்தவர். நீராவி எஞ்சினில் டிரைவருக்கு அடுத்தவர் ஃபர்ஸ்ட் ஃபயர்மேன், அவர் நெருப்புக்குக் கரி போடுவார். கரியை உடைத்து அவர் கைக்குத் தள்ளிக் கொடுப்பவர் செகண்ட் ஃபயர்மேன், கடைசி ஆள். அவளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது, ஓடும் வண்டியிலிருந்து வெளியே தலையை நீட்டிப் பார்த்த அப்பா பாலத்தின் இரும்புச் சட்டத்தில் அடிபட்டு அங்கேயே செத்துப்போனார்.

அவளுக்கு அவர் முகம் தெரியாது. அநாதை விடுதியில் வளர்ந்தவர் என்பதால் அவர் பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. இருந்த ஒரே கல்யாணப் படம் ஒரு மழையில் கூரை ஒழுகி ஊறி, வெள்ளைக் காகிதமாகிவிட்டது. கிறிஸ்தவர்கள் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் சவத்தோடு நின்று எடுக்கும் படமாவது இருக்கக் கூடாதா என்று கேட்டேன். எடுக்கிற மாதிரி முகம் இல்லை என்று சொன்னாள். அம்மாவுக்கு அடையாளம் தெரியும், ஆனால் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தன.

"ஒரே ஒரு படம் போதும்க்கா. எங்கப்பா இப்படித்தான் இருந்தார்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். எப்படியும் கண்டுபிடித்துக் கொடுத்தே தீர்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் ஓய்வு பெறும் நாளில் அவருடைய எஞ்சினுக்கு மாலை போட்டு, அதன் முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த எஞ்சினுக்கு உரிய ஆட்கள் மட்டும் மேலே, கொதிகலனை ஒட்டிய நடைபலகையில் நிற்பார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி ஆட்கள். 'இன்ன நம்பர் வண்டிக்காரர்' என்றுதான் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். முகம் மறந்தாலும் அவர்களுக்கு எஞ்சின் நம்பர் மறக்காது.

அந்தப் பெண் கொண்டுவந்த ஒரே காகிதம், அவளுடைய அப்பா இறந்தபோது ஷெட்டிலிருந்து கொடுத்த கடிதம். அதில் அவர் வேலை பார்த்த எஞ்சினின் நம்பர் இருந்தது. பொறுக்கி வைத்திருந்த படங்களில் அதே நம்பர் போட்ட எஞ்சினைத் தேடினேன், ஒன்று கிடைத்தது. மேலே மூன்று பேர் நின்றார்கள். டிரைவரையும் ஃபர்ஸ்ட் ஃபயர்மேனையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓரத்தில் கைவிளக்கைப் பிடித்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற இளைஞரின் பெயர் மட்டும் எழுதாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணையும் வரச் சொன்னேன். எப்போதும் "இது யார்?" என்று கேட்கிறவள், அன்று "இது இவங்கப்பாதானே?" என்று கேட்டேன். பூதக்கண்ணாடி கை மாறியது. பெயர் சொல்ல முன்வந்த மூன்று டிரைவர்களும் அதை வைத்துப் பார்த்தது எஞ்சின் நம்பரைத்தான். அந்த வண்டியேதான், அப்படியென்றால் மூன்றாவது ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு எதிரில் நிற்கும்போது, தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நான் பேனாவால் பெயரை எழுதினேன்.

படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் ஸ்டூடியோவில் பெரிதாக்கி நானே விவேக் நகருக்குக் கொண்டுபோனேன். குழந்தை யேசு கோவிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அந்த அம்மா படத்தை வாங்கி விரல்களால் தடவிப் பார்த்தார். வெறும் வழவழப்பான காகிதம், என்ன தெரியும்? எப்படி நிற்கிறார் என்று கேட்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்று மகள் சொன்னாள்.

"வாய மூடிக்கிட்டா?" என்றார் அந்த அம்மா. "அவருக்கு முன்பல்லு எடுப்பும்மா. உதடு மூடவே மூடாது."

எனக்குச் சுருக்கென்றது. படத்தில் இருந்தவரின் உதடுகள் நன்றாகவே ஒட்டியிருந்தன. மகள் என்னைப் பார்த்தாள். படம் எடுக்கும்போது இறுக்கி மூடியிருப்பார் என்று நான் சொன்னேன். அந்த அம்மா படத்தை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, ஏனென்றால் மூன்று பேர் சொல்லி, நான் பேனாவால் எழுதிவிட்டேன்.

ஆறேழு மாதத்தில் அந்த அம்மா போய்விட்டார். கணவரைப் புதைத்த அதே குழியைத் திறந்து அவரையும் வைத்தார்கள். மகள் சீட்டுப் பணத்தை எடுத்துக் கல் கட்டினாள். கல்லில் புகைப்படம் பதித்த இரண்டு பீங்கான் வில்லைகள். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் நான் கொடுத்த முகம். கல்லறைத் திருநாளன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இரண்டு முகத்துக்கும் சேர்த்து ஒரே சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்தப் படங்களை எல்லாம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பார்வைக்கு வைத்தோம். இரண்டாம் நாள் பகலில், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகனோடு ஒரு பெரியவர் வந்தார். ஜோலார்பேட்டைப் பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கீழே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டில், 'பணியின்போது இறந்தவர்' என்றும் நான் எழுதியிருந்தேன். என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மா, இது நான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய உதடுகளைப் பார்த்துவிட்டேன். படத்தில் இருந்த அதே உதடுகள். மகன் சிரித்தான், அப்பாவை உயிரோடு சாகடித்துவிட்டீர்களே மேடம் என்றான். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். அந்த முகம் இப்போது எங்கே இருக்கிறது என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு, மனைவிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், தாலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்றார்.

அப்படியே விட்டுவிடலாமா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் ஒரு முகத்தைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், கூப்பிடட்டுமே. இதை அந்தப் பெரியவரிடமும் போனில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிடலாம்மா. ஆனா அவன் பொண்டாட்டி பக்கத்துல நான் எப்படி இருக்கறது?" என்றார்.

ஃபேக்டரி விட்டு அவள் வரும் வழியில் காத்திருந்து சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அம்மா அன்றைக்கே பல்லைப் பற்றிச் சொன்னாளே என்றாள். அதை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம், அவளுக்கு முகம் வேண்டியிருந்தது, எனக்குப் பெயர் வேண்டியிருந்தது. இதைத்தான் நான் அந்த நடைபாதையில் நின்று நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

வில்லையை எடுத்துவிட வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அந்தச் சனிக்கிழமை காலையில் கல்லறைக்குப் போனோம். நான் வேண்டாம் என்று சொல்லியும் பெரியவரும் வந்தார். கல்லில் தன் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். கொத்தனார் உளியை வைத்து ஓரத்தில் தட்ட ஆரம்பித்தார். எடுத்த இடத்தில் வேறு படம் வைக்க வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை, சிமெண்ட் பூசிவிடுங்கள் என்று அவள் சொன்னாள். வில்லை முழுசாக வரவில்லை, துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே பெரியவரிடம், எங்கப்பா எஞ்சின் மேல் நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று கேட்டாள். கேட்டதில் கோபம் எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். அவரிடம் அதை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்கு அவர் வேறு வண்டியில் பெங்களூர் வந்திறங்கியிருந்தார். படம் எடுக்க எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள், அவளுடைய அப்பாவும் மேலேதான் நின்றிருந்தார். கேமராக்காரர் துணிக்குள் தலையை விட்ட நேரத்தில் ஷெட் வாசலில் யாரோ வந்து அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் குதித்து இறங்கி, கையிலிருந்த விளக்கைப் பக்கத்தில் நின்றிருந்த இவரிடம் கொடுத்துவிட்டு, கரிக் கையோடு ஓடிவிட்டார். மேலே மூன்று பேர் இல்லையென்றால் படம் நன்றாக இருக்காது என்று டிரைவர் இவரை ஏறி நிற்கச் சொன்னார்.

"எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று அவள் கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு வலி எடுத்திருச்சுன்னு."

அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை, அப்படியென்றால் படம் எடுத்த அன்றுதான் அவள் பிறந்திருக்கிறாள். கொத்தனார் சிமெண்டைக் குழைத்து வில்லை இருந்த பள்ளத்தில் அப்பினார். அவள் குனிந்து கீழே கிடந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கி, பெரியவரின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"அப்ப நான் ஒரு மணி நேரம் கழிச்சுப் பொறந்திருந்தா, அவர் இந்தப் படத்துல இருந்திருப்பார்" என்றாள்.

அப்படி இல்லை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். ஆனால் அது அப்படித்தான்.