தூங்கும் பூதத்தின் தோளில் ஒரு தட்டு

நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னமும் மகளுடைய போன் மேஜை மேல் கிடந்தால் நான் ஒதுங்கித்தான் போகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு இடுப்புப் பிடிப்பு. சோபாவில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் கீழே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பாதாளக் குகைக்குள் இறங்கிப் பூதங்களைக் கொல்கிற விளையாட்டு. அதில் அவள் ஒரு மந்திரக்காரி. கூட்டாளிகள் இரண்டு பேர். வாள் வைத்திருப்பது அவள் வகுப்புத் தோழி. காயத்துக்கு மருந்து போடும் வைத்தியன் அடுத்த வீதிப் பையன். திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். இருவரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். போனில் குரல் மட்டும் வந்தது.

கோடை லீவிலிருந்து அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த மந்திரக்காரி. இந்தக் குகையில் செத்தால் செத்ததுதான், திரும்பி வர மாட்டாள். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த கவலையைப் பப்ளிக் எக்ஸாம் சமயத்தில்கூட நான் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. விட்டால் அடுத்து என்றைக்கு வருமோ. என்னால் குனிய முடியாது. மகள் போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க புடிங்க. ஒண்ணும் செய்யவே வேண்டாம். பெரிய பூதத்துக்குத் தூக்கம் போட்டிருக்கேன். மூணு டர்னுக்கு அசையாது. அதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் குட்டிப் பூதங்களை முடிச்சிருவாங்க. நம்ம டர்ன் வந்தா இந்தப் பச்சை பட்டனை மட்டும் அமுக்குங்க. சும்மா இருக்கேன்னு அர்த்தம்."

"அது பாட்டுக்கு எந்திரிச்சுட்டா?"

"அடிச்சாத்தான் எந்திரிக்கும். அதனால யாரும் தொடக்கூடாது. கடைசில தூங்கறப்பவே வாள்ல ஒரே போடு. தூக்கத்துல விழற முதல் அடி ரெட்டிப்பா விழும்."

"ஏன் கண்ணு, தூங்கறவனை அடிக்கறது பாவமில்லையா?"

"அம்மா, அது பூதம்!" என்று கத்திவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரையைப் பார்த்தேன். பூதம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. முதல் டர்னில் பச்சை பட்டனை ஒழுங்காக அமுக்கினேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே டெய்லர்கள் கண் சொருகுவார்கள். விரல் ஊசிக்கடியில் போய்விடும். அதனால் லைனில் நடந்துகொண்டே தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவேன். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகப் போகும்.

இரண்டாவது டர்னில் கை தானாகப் போனது. பூதத்தின் தோளில் தட்டினேன்.

மந்திரக்காரி தன் கோலால் அதன் தோளில் ஒன்று வைத்தாள். பூதம் கண்ணைத் திறந்தது.

"எவம்ல அதை எழுப்புனது?" என்றது திருநெல்வேலிக் குரல்.

"ஆன்ட்டிடா! அவங்கம்மாகிட்டப் போனைக் குடுத்துட்டுப் போயிட்டா," என்றது தோழியின் குரல்.

பூதம் எழுந்து நேராக மந்திரக்காரி மீது பாய்ந்தது. அவள் உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. போதாததற்கு ஊதா நிறப் புகையை வேறு ஊதியது. மந்திரக்காரி அப்படியே சரிந்து தூங்கிப்போனாள். நான் எந்த பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை.

"ஐயோ, என்ன கண்ணு இது? எந்திரிக்க மாட்டேங்கறா!"

"தூக்கம் நமக்கும் அதே மாதிரிதாங்க ஆன்ட்டி. யாராச்சும் அடிச்சாத்தான் எந்திரிப்பீங்க. நான் வாள்ல அடிச்சா செத்துப்போவீங்க. அவன்கிட்டக் குச்சி இருக்குது. ஏனுங்க ஆன்ட்டி, அவன் உங்களை அடிக்கலாம்ங்களா?"

"ஆன்ட்டி, தப்பா நெனைச்சுக்கிடாதீய," என்றான் பையன். "மெதுவாத்தான் அடிப்பேன். எங்கம்மாட்ட சொல்லிராதீய."

பூதம் கையை ஓங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் மரியாதை கொடுத்தே ஆளைச் சாகடித்துவிடுவார்கள்.

"அடி சாமி! என்னை அடி! யோசிக்காத, அடிச்சுப்போடு!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

குச்சி விழுந்தது. மந்திரக்காரி எழுந்தாள். உயிர் ஒரு நூலிழை மிச்சம்.

"நிலா பட்டன் ஆன்ட்டி! தூக்கம் போடுங்க! சில சமயம் பலிக்காது, போடுங்க!" என்றாள் தோழி.

நிலாவை அமுக்கினேன். பூதம் முன்னும் பின்னும் ஆடியது. ஓங்கிய கையோடு நின்றது. பிறகு மாடு படுப்பதுபோல முழங்காலை மடக்கிச் சாய்ந்தது.

என் கூச்சலைக் கேட்டு மகள் குடத்தோடு ஓடி வந்து நின்றாள். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஈரம்.

"என்னம்மா ஆச்சு?"

"உஸ்ஸ்," என்றேன். "தூங்குது."

"சத்தத்துக்கெல்லாம் எந்திரிக்காதும்மா."

"இருந்தாலும் மெதுவாப் பேசு."

போனில் அந்த இரண்டு பேரும்கூட ரகசியக் குரலுக்கு மாறியிருந்தார்கள். "குட்டி ஒண்ணு பாக்கி," என்று குசுகுசுத்தான் பையன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். "ஏனுங்க, குழாயத் தெறந்து போட்டுட்டீங்களா? தண்ணி ரோட்டுல போகுதுங்க!"

உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் சட்டென்று குரலை இறக்கினார். "நைட் ஷிப்டுங்களா? வூட்டுக்காரர் தூங்கறாருங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

பாவம், செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துபோய்க் குழாயை மூடிவிட்டுப் போனார்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து போனுக்குக் கை நீட்டினாள். கொடுக்கத்தான் நினைத்தேன், விரல்கள் பிரியவில்லை. அவள் என் கையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டாள். கடைசிக் குட்டி விழுந்தது. வாள் இறங்கியது. ரெட்டிப்பாகத்தான் விழுந்தது.

மூன்று பேரும் கத்திய கத்தில் தெருவே விழித்திருக்கும். நூலிழை உயிரோடு மந்திரக்காரி நின்றுகொண்டிருந்தாள். மகள் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"அம்மா, மூச்சு விடுங்க," என்றாள்.