குழாயில் கட்டிய தூளி

தேஹு ரோட்டில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் செங்கல் வீடு அல்ல. எங்கோ வார்த்துக் கொண்டுவந்த சிமென்ட் பலகைகளைக் கோத்து நிறுத்தியது. வெயிலில் கொதிக்கும், மழையில் கசியும். அதனால் வெளிச்சுவர் மேல் போர்த்தியிருந்த பழைய தகடுகளைக் கழற்றி, தெர்மாகோல் வைத்து, மேலே புதுத் தகடு போர்த்தும் வேலை நடந்தது.

தூளி கட்டக் கூரையில் கொக்கி கிடையாது. பழைய தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் முனைகள் சுவரைத் துளைத்து அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. என் கணவர் மூலையில் இரண்டு போல்ட்டுகளுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை மாட்டி, அதில் என் புடவையைக் கட்டியிருந்தார். பையன் கைக்குழந்தை. அதில் போட்டால்தான் தூங்குவான்.

"வேலை முடியற வரைக்கும் தூளி வேண்டாமேங்க?" என்று காலையில் கேட்டேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். அவங்க வெளியிலதானே அடிக்கறாங்க" என்றபடி ராணுவ டிப்போ வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான் என்று நினைத்தேன். தூசி வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் கிரைண்டர் இரும்பை அறுத்தது. பிறகு சம்மட்டி. அடிக்கு அடி அலமாரிப் பாத்திரங்கள் குதித்தன. பையன் தூங்கிய தூளி அருகே நான் போனபோது, குழாயைத் தாங்கிய ஒரு போல்ட் விரலளவு உள்ளே பாய்ந்தது. வெளியே அதன் தலையை வெட்டிவிட்டு உள்ளே அடித்துத் தள்ளுகிறார்கள். கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்தேன். அடுத்த அடி என் எலும்பில் இறங்கியது. ஒரு கையால் பையனை வாரினேன். போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தது. குழாய் தோளைக் கிழித்துவிட்டுத் தரையில் விழுந்தது.

பையனைக் கட்டிலில் கிடத்தினேன். அதே குழாயால் ஜன்னலை அடித்தேன். ஒரு அடியில் வேலை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. சாரத்தில் நின்றவனின் நெற்றியைக் கண்ணாடி கிழித்து, கண்ணை மறைத்து ரத்தம் வழிந்தது.

"பைத்தியமா பாபி உங்களுக்கு?" என்று இந்தியில், அண்ணி முறை வைத்துக் கேட்டான்.

நான் போன் செய்ததும் ஓடிவந்த என் கணவர், வந்த வேகத்தில், சாரத்திலிருந்து இறங்கி நின்றவனின் சட்டையைப் பிடித்து அறைந்தார்.

"நேத்து வாசல்ல உங்ககிட்டதானே சொன்னேன் சாப், போல்ட்டுல மாட்டினதையெல்லாம் கழட்டிடுங்கன்னு?" என்றான் அவன்.

அவர் மறுபடி அறைந்தார், முன்னைவிட ஓங்கி. என் பக்கம் திரும்பவில்லை. நான் தரையில் கிடந்த தூளிப் புடவையைக் கிழித்து, கட்டிக்கொள்ள அவனிடம் நீட்டினேன்.

வேலை முடிந்து அறை குளிர்ந்தது. கணவர் புதுக் கொக்கி அடித்து, அதில் தொங்கியும் காட்டினார்.

"பாரு, என்னையே தாங்குது. வேற புடவை குடு."

"அவன் சொன்னதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னும் பயப்படுவே."

நான் சுவரோரம் உட்கார்ந்து, பையனைக் காலில் போட்டு ஆட்டினேன். அவன் தூங்காமல் அழுதான். தோளில் வலி தெறித்தது. புடவை மட்டும் கொடுக்கவில்லை.