விரத நாள் மாத்திரை

அந்த வருஷம் கருட சேவைக்கு வெயிலில் நெடுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. "என்ன மன்னி, ரூஜ் போட்டுண்டா பெருமாளைச் சேவிக்கப் போனேள்?" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வாரத்தில் விரல் மூட்டுகள் வீங்கி, குடத்தைத் தூக்க முடியாமல் போனபோதுதான் பயம் வந்தது.

சென்னையில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள்: லூப்பஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவது). சிறுநீரில் புரதம் இறங்கியது. சிறுநீரகத்தையும் நோய் தொட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. என் கேள்வி ஒன்றுதான்.

"குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?"

"ஆறு மாசமாவது நோய் அடங்கி இருக்கணும்மா. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க. இந்த ஸ்டீராய்டை (வீக்கத்தை அடக்கும் மருந்து) வெறும் வயித்துல மட்டும் போடாதீங்க. அப்புறம் பேசலாம்."

அந்த டாக்டரம்மா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. சின்ன காஞ்சிபுரத்து மாமிகள் என்னைப் பார்த்து "ஏதாவது விசேஷமாடி?" என்பார்கள். "மாத்திரைதான் விசேஷம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போவேன்.

ஆனால் அந்த ஆறு மாதம் வரவே இல்லை. இரண்டு மாதம் நன்றாக இருக்கும், மறுபடி புரதம் இறங்கும். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. கடைசியில் டாக்டரம்மா, வீட்டில் மீந்த மாத்திரைகளை எடுத்து வரச் சொன்னார். ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுபோனேன்.

"இவ்வளவு எப்படிம்மா மீந்துச்சு?"

"அதெல்லாம் விரத நாள் மாத்திரை, டாக்டர்."

ஏகாதசி, திருவோணம், சனிக்கிழமை எல்லாம் குழந்தைக்காகப் பட்டினி கிடந்தேன். வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று அவர்தானே சொன்னார்? அதனால் அன்றைக்கெல்லாம் போடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். எந்தக் குழந்தைக்காக விரதம் இருந்தேனோ, அதை நானே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். காஞ்சிபுரம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். அன்று சென்னைக்கு அவரும் என்னோடு வந்திருந்தார். அடுத்த ஏகாதசிக் காலை, வீட்டுப் பெருமாளுக்குப் பூஜை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சன்னிதி முன்னால் ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி இருந்தது. பக்கத்துத் தட்டில் என் மாத்திரைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளசி இலை.

"பெருமாளுக்குக் காட்டி, கண்டருளப் பண்ணியாச்சு. வா, பிரசாதம் எடுத்துக்கோ."

"ஏன்னா, இன்னிக்கு ஏகாதசி!"

"பெருமாள் பிரசாதத்தையே வேண்டாம்னுட்டு அப்படி என்னடி விரதம்?"

"ஸ்டீராய்டையா அவருக்குக் காட்டுவா?"

"காட்டினா என்ன? எத்தனை யுகமா நின்னுண்டே இருக்கார். அவருக்கும் மூட்டு வலிக்காதா?"

ஐயோ, எத்தனை நாள் கழித்து அப்படிச் சிரித்தேன்! கஞ்சியைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் தட்டு வந்தது. ஆறு மாதம் முழுதாக நிறைந்தது. டாக்டரம்மா மருந்துகளை மாற்றிக் கொடுத்து, சரி என்றார். அவர் சொன்ன மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் விடவில்லை. மகள் எட்டாம் மாதமே பிறந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தாள், குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

இந்த நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரையை விட்டிருந்தால் காரணத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

நோய் போய்விடவில்லை. மழைக்கு முன்னால் மூட்டு முனகும். முன்பெல்லாம் இந்த உடம்பைச் சனியன் என்று திட்டுவேன். இப்போது "இரு, கஞ்சி வருது" என்கிறேன். திதி பார்த்து நாளை எண்ணியவளுக்கு இன்று எல்லா நாளும் ஒரே மாதிரிதான் விடிகிறது. நாலு வயது மகள் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வருகிறாள்.

"பெருமாள் சாப்ட்டாச்சு. அம்மா, ஆ காட்டு."