காலி பஸ்ஸும் டெரிலின் சட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, புன்னைக்காயல் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. புதிதாக விட்ட அந்த பஸ்ஸை, ஆள் ஏறவில்லை என்று நிறுத்தப்போகிறார்களாம். பஸ் வேண்டும் என்று மனு மேல் மனு போட்ட ஊர், பஸ் வந்ததும் ஏறாமல் இருக்குமா? எனக்கு மண்டை குடைந்தது.

பார்த்தால், உண்மைதான்! டிரைவர், கண்டக்டர் தவிர இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் வெள்ளை டெரிலின் சட்டை போட்ட இன்ஸ்பெக்டர் – கூட்டத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வந்தவர்.

“போன வாரமும் இதே கதைதான் சார். ஈ, காக்கா இல்ல” என்றார்.

“போன வாரம் என்னைக்கு வந்தீங்க?”

“ஞாயித்துக்கிழமைதான். டவுன்ல அன்னைக்குத்தான பஸ்ஸெல்லாம் பிதுங்குது? இந்த ஊருக்கு நல்லது செய்யணும்னே நாள் பாத்து வந்தேன்.”

நல்ல மனுஷர்... குறை சொல்ல முடியவில்லை.

ஊர் வந்தது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட ஒரு அம்மாளை நிறுத்தி, ஏன் யாரும் பஸ் ஏறுவதில்லை என்று கேட்டேன். பெயர் அந்தோணியம்மாள். மீன் விற்கிறவர்.

“என்னய்யா கேக்கிய? ஞாயித்துக்கெழம இங்கன எவனும் வள்ளம் எறக்க மாட்டானே. மீனில்லாம ஏரல் சந்தைக்குப் போயி என்னத்த விக்க?”

பஸ்ஸை நிறுத்தப்போகிற விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. என்னை விட்டுவிட்டு நேரே இன்ஸ்பெக்டரிடம் போனார்.

“பஸ்ஸ நிறுத்திராதிய ஐயா! பழையபடி தலச்சுமையா நடந்தா, போயிச் சேருமுன்ன மீனு கெட்டுப்போவும். எம்பிள்ளையளுக்குக் கஞ்சி ஏது? நாளைக்கி ஒருக்கா வந்து பாருங்கய்யா.”

இன்ஸ்பெக்டர் கோயிலைப் பார்த்தார். வள்ளங்களைப் பார்த்தார். “வாரேம்மா” என்றார்.

நான் விடுவேனா? திங்கட்கிழமை நானும் போனேன். ஊரிலிருந்து ஏரலுக்குக் கிளம்பிய பஸ்ஸில், அப்பப்பா, என்ன கூட்டம்! மேலே கேரியர் நிறைய மீன் பெட்டிகள். உள்ளே கால் வைக்க இடமில்லை. அந்தோணியம்மாள் இன்ஸ்பெக்டருக்கென்று ஜன்னலோர ஸீட் பிடித்து வைத்திருந்தார். அவரும் அதே டெரிலின் சட்டையில் கம்பீரமாக உட்கார்ந்தார். பஸ் குலுங்கக் குலுங்க, மேலே இருந்த பெட்டிகளிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகி, ஜன்னல் வழியாக அவர் தோளில் இறங்கியது. பாவம், நகர்ந்துகொள்ளவும் வழியில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் வரவேண்டும் என்றால் காற்று, ஆழம், அலை எல்லாம் விசாரிக்கிறோம். ஒரு ஊருக்கு பஸ் விடும்போது மட்டும், ‘உங்களுக்கு என்றைக்கு லீவு?’ என்று கேட்கத் தோன்றுவதில்லையே... ஏன்?

பஸ் ஓடட்டும் என்று ரிப்போர்ட் போய்விட்டது. அந்த டெரிலின் சட்டையைத்தான் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா இன்னும் உள்ளே விடவில்லையாம்!