ரவூப் கை

இராஜபாளையத்தில் போய் அப்துல் ரவூப் என்று கேட்டால் எந்த ரவூப் என்பார்கள். ‘ரவூப் கை’ என்று சொன்னால் போதும், சிரித்துக்கொண்டே தியேட்டருக்கு வழி காட்டுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அங்கே அவன்தான் ஆபரேட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போகிற ஆள்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. பிலிம் பெட்டி வந்த காலத்தில், ஜனங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது திரையில் கண்றாவியாக எதுவும் வந்தால், ரவூப் எழுந்து லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிடுவான். திரை இருண்டுவிடும். சத்தத்தை மட்டும் தொட மாட்டான். சத்தம் நின்றால் மிஷின் போச்சு என்று மேனேஜர் மாடியேறி வந்துவிடுவாரே! கீழே விடலைகள் விசிலடித்து, “ஏலே ரவூப்பு, கைய எடுலே!” என்று கத்துவார்கள். பெண்கள், நல்ல மனுசன்ப்பா என்பார்கள். பிள்ளைகள் கூட்டம் கண்ணில் பட்டால் பேய், ரத்தம், வெட்டுக்குத்து எல்லாவற்றுக்கும் கை போகும். சென்சார்காரர்கள் செய்து முடித்த வேலையை இவன் மறுபடியும் செய்தான். சம்பளமில்லாத உத்தியோகம், யார் கேட்பது? பிறகு டிஜிட்டல் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் லென்சை மறைக்கிற ஷட்டர் மூடிக்கொள்ளும், சத்தம் ஓடும். அப்போதும் ஊருக்கு அது ரவூப் கைதான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள் சப்ரீன். ஒரே பிள்ளை. அவளுக்கு ஆறு வயதில் ‘குடைவீரன்’ வெளியானது. போஸ்டரில் ஒருத்தன் குடையைப் பிடித்துக்கொண்டு பறந்தான். சின்னப் பிள்ளை பார்க்கிற படம் என்று ரவூப்பின் மனைவி ரமீஜா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கே! படம் முழுக்க இருட்டும் எரிப்பும் கொலையும். தீப்பிடித்த மில்லின் சாம்பலிலிருந்து எழுந்து வருகிற வில்லன் வேறு. பேர் சாம்பலன். அவன் அந்த மில்லின் உலைக்குள்ளிருந்து எழும்ப ஆரம்பித்ததுமே ரவூப் ஷட்டரை மூடிவிட்டான். மூடியும் என்ன பிரயோசனம்? பிள்ளை வீறிட்டுக் கத்தி, உடுப்பெல்லாம் ஈரமாகி, ரமீஜா தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

அதிலிருந்து மூன்று வருஷமாக சப்ரீன் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. வீட்டில் கரண்ட் போனால் யார் இடுப்பு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள். கதவைத் திறந்து வைத்துத்தான் குளிப்பாள். “பச்சப் பிள்ளைய இப்பிடி ஆக்கிட்டானுகளே, படம் எடுக்குற பாவிக!” என்று ரவூப் திட்டாத நாளில்லை. தான் பிழைக்கிற இடத்துக்குத் தன் பிள்ளை வர மாட்டேன் என்கிறாளே என்ற வருத்தம் அவனை அரித்தது.

இந்த வருஷம் ‘குடைவீரன்’ இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்துக்குப் பெற்றோர்கள் போட்ட சத்தத்தில் சினிமாக்காரர்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அதே நடிகர், அதே குடை, ஆனால் இந்தத் தடவை நாய்க்குட்டியும் பாட்டும் சிரிப்புமாக எடுத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சப்ரீன் படிக்கிற பள்ளிக்கூடமே வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை மொத்தமாக எடுத்துக்கொண்டது. முந்நூற்று இருபது பிள்ளைகள். சப்ரீன் மட்டும் வரவில்லை என்றாள். ரவூப் நாலு நாள் கெஞ்சினான்.

“சாம்பலன் வருவானா அத்தா?” என்று அப்பனைக் கேட்டாள்.

“அவன் இதுல எங்கட்டி வாரான்? அப்பிடியே வந்தாலும் மேல நா இருக்கேன்ல! ஒன் கண்ணுல பட விட்ருவேனா?”

அதற்கு மேல்தான் அவள் சரி என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டானே தவிர ரவூப்புக்கு அப்போதே கவலை. இன்னொரு தடவை பயந்தால் பிள்ளை இனிமேல் தன் வார்த்தையையும் நம்ப மாட்டாள்.

படத்தை முன்கூட்டிப் பார்த்துவிடலாம் என்றால் முடியாது. படம் முதல் நாளே மிஷினில் ஏறிவிட்டது, அதைத் திறக்கிற கீ காலை பத்து மணிக்குத்தான் வேலை செய்யும். விநியோக ஆபீசுக்குப் போன் போட்டு சாம்பலன் உண்டா என்று கேட்டான். “கொழந்தைங்க படம்ணே” என்று அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். மேனேஜர் சௌந்தரபாண்டியனும், “பேசாம இருய்யா, சும்மா கெடந்து அலட்டிக்கிட்டு” என்றார்.

சப்ரீனை பால்கனி கடைசி வரிசையில், ஆபரேட்டர் எட்டிப் பார்க்கிற ஓட்டைக்கு நேர் கீழே உட்கார வைத்தான். அந்த ஓட்டைக்குக் கண்ணாடி கிடையாது. பக்கத்தில் ஞானபாக்கியம் டீச்சர். விளக்கு அணைந்ததும் பிள்ளை டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது மேலேயிருந்து தெரிந்தது.

இடைவேளை வரைக்கும் ஒரு குறையுமில்லை. நாய்க்குட்டி குடைக்குள் ஒண்டிக்கொண்டு பறந்ததற்கு தியேட்டரே அதிர்ந்தது. இடைவேளையில் சப்ரீன் பாப்கார்னோடு அண்ணாந்து கை காட்டினாள். ரவூப்பும் காட்டினான். ஆனாலும் ஸ்டூலில் உட்காரவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் குடைவீரன் ஒரு பாழடைந்த மில்லுக்குள் நுழைந்தான். ரவூப்புக்குப் பகீரென்றது. அதே மில். அதே உலை. நாய்க்குட்டி முடங்கிக்கொண்டது. உலைக்குள்ளிருந்து அதே காய்ந்த சிரிப்பு வந்தது. அடப்பாவிகளா! குழந்தைகள் படம் என்றார்களே! உலை மூடி அசைந்த அந்தக் கணமே ரவூப் பொத்தானை அமுக்கிவிட்டான்.

திரை இருண்டது. சிரிப்பு மட்டும் ஓடியது. கரகரவென்று எதையோ இழுக்கிற சத்தம், பிறகு காலடிச் சத்தம். முந்நூறு பிள்ளைகளும் ஒரே மூச்சில் கத்தினார்கள். பெரிய வகுப்புப் பையன்கள், “ரவூப் கை! ரவூப் கை! கைய எடு!” என்று பாட்டாகவே பாடினார்கள். கத்தட்டும். முதல் பாகத்தில் அந்தக் காட்சி ஒரு நிமிஷம் ஓடியது. இதுவும் அவ்வளவுதான் இருக்கும். ரவூப் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். யா அல்லாஹ், சீக்கிரம் முடியட்டும்.

இருபது எண்ணியிருப்பான்.

“அத்தா!”

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். வாசல் மேலிருந்த சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் சப்ரீன் தெரிந்தாள். சீட் மேல் ஏறி நின்றாள். முதுகு திரையைப் பார்த்திருந்தது, முகம் இவனை. டீச்சர் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

“கைய எடுங்கத்தா! அவன் எங்க நிக்கான்னே தெரியலையே!”

ரவூப்புக்கு ஒன்றும் ஓடவில்லை. திறந்தால் சாம்பலன் திரை முழுக்க நிற்பான், பிள்ளை விழுந்துவிடும். திறக்காவிட்டால் பிள்ளை இங்கேயே நின்று கதறும். “எடுங்கத்தா!” என்று அவள் மறுபடியும் கத்தினாள். குரல் உடைந்துவிட்டது. ரவூப் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் திரும்ப அமுக்கினான்.

பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தான். சாம்பலன் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தும்மலுக்கும் மூக்கு உதிர்ந்து விழுந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே உடம்பைக் கரகரவென்று இழுத்து இழுத்து மூக்கைத் தரையில் தேடினான். குடைவீரன் எடுத்துக் கொடுத்தான். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சப்ரீன் சிரிக்கவில்லை. சீட் மேல் நின்றபடியே திரைப்பக்கம் திரும்பி, சாம்பலனை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு இறங்கி உட்கார்ந்தாள்.

படம் விட்டதும் டீச்சரோடு படியேறி மேலே வந்தாள்.

“மொதப் படத்துலயும் நீங்கதான் கை வச்சீகளாத்தா?”

“ஆமாட்டி. நீ பாத்துறக் கூடாதேன்னு...”

“நா அவனப் பாக்கவே இல்லத்தா. அவன் எந்திரிக்கப் போனான், ஒடனே இருட்டிருச்சு. சத்தம் மட்டும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு. எங்கிட்ட வந்துட்டான்னு நெனச்சேன்.”

ரவூப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாக யாரையெல்லாம் திட்டினோம்! மிஷின் மேல் கிடந்த தன் வலது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சப்ரீன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடிக்கிற மாதிரியே பட்டென்று ஓர் அடி போட்டாள்.

“இனிமே வைக்காதீக.”

“வைக்கல தாயி.”

கீழே வேன் ஹாரன் அடித்தது. அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். ஏணிப்படியில் பல்ப் போய் ஒரு மாசமாகிறது, அங்கே எப்போதும் கும்மிருட்டு. ரவூப் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் வேனில் ஏறியிருந்தாள்.