வாயசைப்புக் கோஷ்டி

இடது கை கீபோர்டை வாசித்துக்கொண்டே இருக்க, வலது கைதான் பிள்ளைகளோடு பேசும். காதுக்குப் பின்னால் குவிந்தால் 'இன்னும் சத்தமாப் பாடு' என்று அர்த்தம். உதட்டின் மேல் ஒரு விரல் வந்து நின்றால் 'நீ பாட வேண்டாம் ராசா, வாயை மட்டும் அசை' என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பொடிசுகள் எழுத்துக்கூட்டப் பழகுமுன்பே இந்த இரண்டையும் பழகிவிடும். மூன்றாவதாக ஒரு சைகை கீபோர்டு டீச்சருக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

ஆள் குள்ளம். கீபோர்டு ஸ்டாண்டின் திருகு கழன்றதிலிருந்து அது முழங்காலுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. அதனால் அவரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்வார். கட்டைகளில் ஒன்று செத்துவிட்டது. அதன் தலையில் ஏதோ ஒரு வாண்டு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறது. பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது அந்தச் சுரத்தை டீச்சர் தன் வாயாலேயே போட்டுவிட்டு மேலே போய்விடுவார். புதுசு வாங்கித் தருகிறோம் என்றால் கேட்பதில்லை. "ஒரு பல்லு ஆடுதுன்னு யாராவது தலையையே மாத்துவாங்களா?"

வீட்டிலும் அதே கூத்துதான். துணி துவைக்கும் மிஷின் சுற்றுகிற சத்தத்தில் சுருதி பிடித்துப் பாடிக்கொண்டே சமையலைப் பார்ப்பார். மிஷின் தடதடவென்று ஆடுகிறதே என்று கணவர் மெக்கானிக்கை வரவழைத்தார். டீச்சர் வாசலிலேயே மறித்துவிட்டார். "அது பாட்டுக்கு அஞ்சு கட்டைல அழகா ஓடிட்டிருக்கு. தம்பி கையை வச்சா சுருதி எறங்கிடும்." மெக்கானிக் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

இப்படிப்பட்டவர் பழைய பாட்டைத் தூக்கிப் போடுவார் என்று யாராவது நினைப்பார்களா? ஆனால் இந்த வருஷம் அதுதான் நடந்தது. பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேய்ப்பர்களாகப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, குழந்தை இயேசுவின் தொட்டிலைச் சுற்றி நின்று, மெதுவாக ஒரு தாலாட்டுப் பாடும். அந்தப் பள்ளியில் படித்த எல்லோரும் ஒரு காலத்தில் அந்த விரிப்புக்குள் வியர்த்தவர்கள்தான். இந்த வருஷம் தாலாட்டு கிடையாது என்றார் டீச்சர். பதிலுக்கு அவரே ஒரு பாட்டு இட்டுக்கட்டியிருந்தார். இயேசு பிறந்த சேதி கேட்ட மேய்ப்பர்கள் ஆடுகளோடு ஓடும் பாட்டு. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் வரும். பிள்ளைகள் கை தட்டி, கால் உதைத்து, "மே, மே" என்று கத்திக்கொண்டே ஓடலாம்.

சண்டைக்கு வந்தவர்கள் கிழவர்கள் அல்ல. போனில் குத்துப்பாட்டு வைத்திருக்கும் இளம் அப்பா அம்மாக்கள். பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் மருந்துக்கடைக்காரர். கடையில் அவர் பேசினால் தெருமுனைவரை கேட்கும். யாருக்கு என்ன மாத்திரை என்பது ஊருக்கே தெரிவது அதனால்தான். "தாலாட்டு இல்லாம என்ன டீச்சர் கிறிஸ்துமஸ்? எம் பொண்ணு இப்பதான் ஒன்னாப்புக்கு வந்திருக்கா. அவ முறை வர்றப்ப பாட்டை நிறுத்துனா எப்படி?" பக்கத்திலிருந்த வக்கீலம்மா, இது மரபு, இதில் கை வைக்கக்கூடாது என்று வாதாடத் தொடங்கினார். தலைமையாசிரியை இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "புள்ளைங்களுக்கு ஓடணும். உங்களுக்குத் தாலாட்டு வேணும். சரி, புள்ளைங்க ஓடட்டும். நீங்க மேடையேறித் தாலாட்டுங்க. நாளைக்குச் சாயங்காலம் ஒத்திகை."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு பின்வாங்க முடியுமா? மறுநாள் எல்லோரும் வந்தார்கள். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பெற்ற செல்வங்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. முதல் சரணம் ஒருவழியாக முடிந்தது. இரண்டாவது சரணத்தில் அறையே மூச்சுக் காட்டவில்லை. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வரி வரவில்லை. "இதுக்குத்தான் இவ்வளவு சண்டையா?" என்று டீச்சர் பாட்டெழுதிய தாளை ஆளுக்கொன்றாக நீட்டினார். இந்த வெளிச்சத்தில் தாளைப் படிக்க முடியவில்லை என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வாயில இருக்கிற சூயிங்கத்தை மொதல்ல துப்பிட்டு வாம்மா." வக்கீலம்மா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். ஜன்னலில் கைதட்டல்.

தாளோடு மறுபடி ஆரம்பித்தபோது, மருந்துக்கடைக்காரர் மட்டும் அதைப் பார்க்காமலே பிசிறில்லாமல் பாடுவது போலத் தெரிந்தது. கடைசி வரிசை, இடது ஓரம். இரண்டு சரணத்துக்கும் வாய் அட்சரம் பிசகாமல் திறந்து மூடியது. ஆனால் பத்துக் குரலுக்கு நடுவில் ஒற்றைக் குரலைப் பிரித்தெடுக்கும் டீச்சரின் காதில் அவர் குரல் மட்டும் விழவே இல்லை. டீச்சர் கீபோர்டை நிறுத்தினார்.

"கடைசி வரிசை. நீங்க தனியாப் பாடுங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "நான் வாயசைப்புக் கோஷ்டி டீச்சர். ஒன்னாப்புல நீங்கதானே வெரலை வச்சீங்க. அன்னைக்கு மூடுனதுதான். குளிக்கிறப்பகூடப் பாடுறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர், "நானும் அந்தக் கோஷ்டிதான்" என்று கை தூக்கினார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் எதுக்கு இந்தப் பாட்டுதான் வேணும்னு நின்னீங்க?"

"எம் பொண்ணு நல்லாப் பாடுவா டீச்சர். அவ வாயால ஒருதடவை கேட்டுடணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

"ம். மொதல்லேர்ந்து," என்றார் டீச்சர். அன்றைக்கு அவர் அதற்கு மேல் யாரையும் திட்டவில்லை. அதுவே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

வீட்டில் மிஷின் தன் பாட்டுக்குச் சுற்றியது, இவர் பாடவில்லை. என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். கேட்கக் காத்திருந்தது போல டீச்சர் கொட்டிவிட்டார்.

"அந்தத் தாலாட்டு நின்னு நிதானமாப் போற பாட்டுங்க. ஒரு குரல் பிசகினாலும் சோத்துல கல்லு மாதிரி நறுக்குங்கும். அதான் வருஷா வருஷம் நாலு புள்ளைங்களுக்கு வெரலை வச்சேன். இந்த வருஷம் என்னால முடியல. அதுங்க டக்குனு வாயை மூடிக்கிட்டு என் முகத்தையே பாக்குதுங்க. ஓட்டப் பாட்டுன்னா அத்தனையும் கத்தலாம், ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் மாத்தினேன். இந்த மனுஷன் என்னடான்னா சிரிச்சுக்கிட்டே சொல்றான், அன்னைக்கு மூடுனதுதான்னு."

"கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"என்னத்தச் சொல்றது? பாடுற வயசுல மூடி வச்சாச்சு." பிறகு எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டார். டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் மனசு மட்டும் ஆறவில்லை.

விழாவில் பிள்ளைகள் ஓடியது ஓட்டமா, கலவரமா என்று சொல்வது கஷ்டம். ஒரு ஆடு திசை தப்பித் தலைமையாசிரியை மடியில் போய் விழுந்தது. இரண்டு மேய்ப்பர்கள் ஒரே விரிப்புக்குள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு பிள்ளைகூட வாயை மூடவில்லை. கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல்.

அப்புறம் பெற்றவர்கள் மேடையேறினார்கள். மேடை ஒரு தரம் முனகியது. மருந்துக்கடைக்காரர் மகளை மட்டும் டீச்சர் கீழே இறங்க விடவில்லை. "நீ இங்கேயே நில்லு ராசாத்தி. மொதல் சரணம் நீ." தொட்டில் பக்கத்தில் நின்று அவள் தனியாகப் பாடினாள். நல்ல குரல்தான், அப்பன் சொன்னது பொய்யில்லை. அவர் கடைசி வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது சரணம் பெரியவர்களுக்கு. குரல்கள் சேர்ந்து எழுந்தன. மருந்துக்கடைக்காரரின் வாய் வழக்கம்போல அழகாக அசைந்தது. டீச்சர் அவரைப் பார்த்து வலது கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் குவித்தார்.

அவர் தனக்கில்லை என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. டீச்சரின் கை இறங்கவில்லை. பிறகு, தெருமுனைவரை கேட்கும் அந்தக் குரல், சுருதிக்கும் தாளத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், பாட்டுக்குள் வந்து விழுந்தது. முன்வரிசையில் வக்கீலம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். மருந்துக்கடைக்காரர் மகள் அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

மிச்சப் பாட்டு முழுவதையும் டீச்சர் இடது கையாலேயே வாசித்தார். வலது கையைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.