மதினி மிதித்த அம்புக்குறிகள்

இந்தத் தடவை போடியிலிருந்து கிளம்பும்போது பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் அந்தப் பிளாஸ்டிக் பாயையும் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு பக்கமும் நான்கு அம்புக்குறிகள் போட்ட ஆட்டப் பாய். வலப்பக்கத்து அம்பு மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. கோயம்புத்தூர் வந்து பத்து நாளாகிறது, இன்னும் வெளியே எடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடுகிறேன். நல்ல பைத்தியக்காரத்தனம்தான்.

பாய் கைக்கு வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தேனித் தோழி ஒருத்தி, தனக்குச் சலித்துப்போய் எனக்குக் கொடுத்தது. அடுத்த வாரமே ஊரடங்கு வந்தது. மலையடிவாரத்து முந்தலில் சாலையை அடைத்துவிட்டார்கள், மலைக்கு ஜீப்பு ஏறவில்லை. என் அண்ணன் மனைவிக்கு, அதாவது மதினிக்கு, கல்யாணமாகிச் சிலமலையிலிருந்து வந்த நாள்முதல் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. விடியுமுன் பதினைந்து பேரோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பொழுது சாயத் திரும்புகிறவள். அந்த உடம்பு வீட்டில் சும்மா கிடக்குமா? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தாள். எனக்கும் அதே வியாதி என்பதால், ஒரு நாள் காலையில் மடிக்கணினியை டிவியோடு இணைத்து, பாயை விரித்து, அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

ஆட்டம் எளிதானது. பாட்டு ஓடும், திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும், மேலே இருக்கிற கட்டத்தில் அம்பு போய்ச் சேருகிற நொடியில் காலடியில் இருக்கும் அதே அம்பை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் பச்சை, பிந்தினால் சிவப்பு. மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். 'தொம் தொம்' என்று வீடே அதிர்ந்தது. "என்னடி, தேவாரம் ஊருக்குள்ள பூந்த யானை இங்க வந்துருச்சா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். மதினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அவளுக்கு எல்லாமே சிவப்பாக விழுந்தது. ஒன்றுவிடாமல் சிவப்பு. நான் பாட்டின் தாளத்தைக் காதில் வாங்கி மிதித்தேன், பச்சை விழுந்தது. அவள் பாட்டின் போக்கில் மிதிக்கவில்லை. கண்ணை அம்பிலேயே வைத்திருந்தாள். ஏலச்செடியின் அடியில் குந்தி, சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளி, பிஞ்சை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அது. பிஞ்சில் கை வைத்தால் கங்காணி நாள் பூராவும் ஏசுவார். "அம்பு கட்டத்துல போய் உக்காந்தப்பறந்தான மிதிக்கணும்? அதுக்கு முன்ன மிதிச்சா பிஞ்சப் பறிக்கிற மாதிரியில்ல?" என்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையைக் காட்டிச் சொன்னாள்: "ஏத்தா, இந்த டிவி பிந்தி வருதுத்தா. பாட்டு முன்னாடி போகுது, படம் பின்னாடி வருது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த விளையாட்டில் அவளுக்கு வேறொரு கணக்கும் இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் மிஷின் புதிதாக வாங்கியிருந்தார்கள். ஊரடங்கு முடிந்ததும் திரையைப் பார்த்து அதை ஓட்ட ஒரு பெண் வேண்டுமென்று மதினியைக் கேட்டிருந்தார்கள். ஜீப்பு என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். முன்னால் போன ஜீப்பு ஒன்று மலையேறும் மெட்டு வளைவில் உருண்டதைக் கண்ணால் பார்த்தவள். மலைக்குப் போகாமல் பிழைக்க அவளுக்கு வந்த ஒரே வழி அந்த வேலை. "திரையப் பாத்து வேல செய்ய எனக்கு வருமாத்தா?" என்று ஆடும்போதெல்லாம் கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"சும்மா டிவி மேல சாக்குச் சொல்லாதீங்க மதினி. திரையப் பாத்துச் செய்யிறதெல்லாம் ஒங்களுக்கு ஆகாது. காய் பறிக்கத்தான் லாயக்கு."

எவ்வளவு திமிர் எனக்கு! மதினி செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, "சோலி கெடக்கு" என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு பாயில் ஏறவில்லை. சாலை திறந்ததும் குடோனுக்கு ஆள் விட்டு, தனக்குத் தோதுப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் விடியலில் ஜீப்பில் ஏறினாள்.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் அண்ணன் மகள் பரணிலிருந்து பாயை இழுத்துப் போட்டாள். அவளுக்காக மடிக்கணினியை இணைத்தேன். இத்தனை வருஷம் கணினியோடு மாரடித்த பிறகு, முன்பு எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். டிவியில் படம் எவ்வளவு பிந்தி வருகிறது என்று அளந்து சரிசெய்கிற பக்கம். அளந்தேன். படம் நன்றாகவே பிந்தி வந்தது. அதே பழைய டிவி.

சரிசெய்துவிட்டு மதினியைக் கூப்பிட்டேன். முதலில் மறுத்தாள், வலது முழங்கால் இப்போது மடங்க மறுக்கிறது. பிறகு என் முகத்தைப் பார்த்து ஏறினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. பாட்டு முடிகிறவரை ஒரு சிவப்புகூட விழவில்லை. அவள் மகள் கைதட்டிக் குதித்தாள். நான் டிவி பிந்தியதைச் சொல்லி, "நாந்தேன் தப்பு மதினி, மன்னிச்சிருங்க" என்றேன். அழுதுவிட்டேன். மதினி மூச்சு வாங்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அன்னைக்கும் நா சரியாத்தேன் மிதிச்சிருக்கேன்" என்றாள்.

மறுநாள் விடியுமுன் ஜீப்பின் ஆரன் சத்தம் கேட்டு விழித்தேன். பாய் விரித்தபடியே கூடத்தில் கிடந்தது. மதினி தூக்குச்சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். பாயருகே ஒரு கணம் நின்றாள். பிறகு அதை மிதிக்காமல், சுவரோரமாகச் சுற்றி, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வாசலுக்குப் போனாள். "வெரசா வாக்கா, லோடு நெறஞ்சிருச்சு" என்று யாரோ ஜீப்பிலிருந்து கத்தினார்கள்.